கார் பானட் இன்சுலேஷன்: சரிசெய்வதா, மாற்றுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பானட்டைத் தூக்கினால் அதன் உட்பக்கம் கறுப்பாகவோ வெள்ளியாகவோ பாய் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அப்படி ஒன்று இருப்பதைப் பல வருடம் நாம் கவனிப்பதே இல்லை. ஒரு நாள் அது நடுவில் தொய்ந்து தொங்கும், இல்லை என்றால் எலி கடித்த பஞ்சு பேட்டரி மேல் சிதறிக் கிடக்கும். என் பழைய டீசல் காரில் இந்தப் பாயை இரண்டு முறை மாற்றினேன். முதல் முறை தப்பான பொருளை வாங்கி ஒட்டிவிட்டு, நடுரோட்டில் வண்டியை நிறுத்த வேண்டி வந்தது. அந்தக் கதை கீழே வருகிறது. அதற்கப்புறம் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும், நான் படித்தும் செய்தும் தெரிந்துகொண்ட பதில்களும் இவை.

இந்தப் பாய் எதற்காக இருக்கிறது?

முதல் வேலை சத்தத்தைக் குறைப்பது. வெப்பம் இரண்டாவதுதான். பெயரே 'ஹீட் இன்சுலேஷன்' என்று பழகிவிட்டதால் பலரும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

டீசல் எஞ்சினின் 'டக டக' சத்தமும் இன்ஜெக்டரின் டிக் டிக் சத்தமும் உயர்ந்த அதிர்வெண் கொண்டவை. 10 முதல் 25 மி.மீ. வரை தடிமன் உள்ள பஞ்சு அவற்றை நன்றாக உறிஞ்சும். 'பூம்' என்று வரும் கனத்த சத்தத்தை இந்தத் தடிமனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் பல மாடல்களில் டீசல் வண்டிக்கு மட்டும் பாய் இருக்கும், அதே காரின் பெட்ரோல் வண்டியில் இருக்காது. வித்தியாசம் காருக்குள் இருப்பவரைவிட வெளியே நிற்பவருக்குத்தான் அதிகம் தெரியும்.

பாயை எடுத்துவிட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்குமா?

இருக்காது. எஞ்சின் எந்தச் சூட்டில் ஓட வேண்டும் என்பதை, கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஃபேனும் கூலண்டும் சேர்ந்து முடிவு செய்கின்றன. தெர்மோஸ்டாட் பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். பானட் தகடு வழியாக வெளியே போகும் வெப்பம் அந்தக் கணக்கில் பெரிதாக வராது. டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றால் பாயைக் குறை சொல்லாமல் கூலண்ட் அளவையும் ஃபேனையும் பாருங்கள்.

பானட் பெயிண்ட் வெந்துவிடாமல் பாய்தான் காக்கிறதாமே?

ஓரளவுக்கு உண்மை. கம்பெனியில் பூசும் பெயிண்டின் மேல்பூச்சை ஏறக்குறைய 140 டிகிரியில் சுட்டுத்தான் எடுக்கிறார்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது பானட்டுக்கு அடியில் வரும் சூடு அதைவிடக் குறைவு. அந்தப் பெயிண்டைக் கெடுக்கும் முதல் எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர்தான்.

டிங்கரிங் பட்டறையில் பட்டி வைத்து மறுபடி பெயிண்ட் அடித்த பானட் விஷயம் வேறு. அதை 60, 70 டிகிரியில் உலர்த்தியிருப்பார்கள், சில இடங்களில் வெறும் வெயிலில் காயவிட்டிருப்பார்கள். அந்த மாதிரி பானட்டில் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும், ரொம்பச் சூடாகும் பாகம்) இருக்கும் இடத்துக்கு நேர் மேலே பாய் இல்லாமல் போனால், நாளடைவில் பெயிண்ட் மங்கலாம், பட்டி மேலெழும்பலாம். உங்கள் பானட் மறுபெயிண்ட் கண்டதா என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

எஞ்சினில் தீப்பிடித்தால் பாய் கீழே விழுந்து தீயை மூடி அணைத்துவிடும் என்கிறார்களே?

கிளிப்புகள் பிளாஸ்டிக், பாய் எளிதில் எரியாத பொருள். ஆகவே கிளிப் உருகிப் பாய் எஞ்சின் மேல் விழலாம், சின்னத் தீயாக இருந்தால் பரவுவது கொஞ்சம் தாமதமாகலாம். இதை நம்பி யாரும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. புகை வந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள், எல்லாரும் இறங்கித் தள்ளிப் போங்கள், 101 அல்லது 112-ஐ அழையுங்கள். பானட்டை முழுதாகத் தூக்க வேண்டாம். தூக்கினால் உள்ளே காற்று பாய்ந்து நெருப்பு ஒரே மூச்சில் எழும்பும்.

பாய் எந்த நிலைக்கு வந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும்?

தொங்கினால் மாற்றுங்கள். எண்ணெயோ டீசலோ ஊறியிருந்தால் உடனே கழற்றுங்கள், மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கையால் தடவும்போது தூளாக உதிர்ந்தால் மாற்றுங்கள். எலி கூடு கட்டியிருந்தால் துவைத்துத் திரும்ப மாட்டும் எண்ணமே வேண்டாம்.

நிறம் மங்குவது, ஒரு மூலையில் ஒரு கிளிப் போயிருப்பது, மேல் துணியில் கீறல் விழுந்திருப்பது எல்லாம் அவசரமில்லாதவை.

இந்த விஷயத்தில் என் எண்ணம் உறுதியானது: தொங்கும் பாயைவிட வெறும் பானட் நல்லது. பாய் இல்லாத கார் கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான். தொங்கும் பாய் சுழலும் பெல்ட்டிலோ சூடான டர்போ மேலோ விழும். சரியான பொருள் கிடைக்கும்வரை கழற்றி வைத்துவிட்டு ஓட்டலாம், ஒரு மாதம் ஆனாலும் ஓட்டலாம்.

எண்ணெய் ஊறிய பாயை சோப்புத் தண்ணீரில் துவைத்துக் காயவைத்தால் என்ன?

மேல் துணிதான் சுத்தமாகும். நடுப் பஞ்சு எண்ணெயை விடாது. தண்ணீரில் ஊறியபின் கண்ணாடி இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் தளரும், பாய் தன் வடிவத்தை இழக்கும். இதே காரணத்துக்காகத்தான் வாட்டர் சர்வீஸ் செய்பவர்கள் பானட்டுக்குள் பிரஷர் பைப்பைக் காட்டினால் நான் தடுத்துவிடுவேன்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறதா, ஆயில் ஊற்றும் மூடி சரியாக மூடவில்லையா, டீசல் ரிட்டர்ன் பைப் வெடித்திருக்கிறதா? அதைச் சரி செய்யாமல் புதுப் பாய் போட்டால் அதுவும் ஊறும்.

சின்னக் கிழிசலுக்கு டேப் ஒட்டினால் போதுமா?

உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் போதும். அலுமினிய டேப் வாங்குங்கள், ஏசி டக்ட் வேலைக்குப் பயன்படுத்துவது. அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பும் ஒயரில் சுற்றும் கறுப்பு டேப்பும் பானட் சூட்டில் பசை இளகி வழிந்துவிடும். கிழிந்த இடத்தைத் தூசி போகத் துடைத்து, கிழிசலைவிட நான்கு பக்கமும் இரண்டு விரல் அகலம் அதிகமாக வெட்டி, கரண்டியின் முதுகால் தேய்த்து ஒட்டுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அலுமினியம் மின்சாரம் கடத்தும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மேலே இந்த டேப்பையோ வெள்ளித் தாள் போர்த்திய பாயையோ தொங்கவிட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். பாசிட்டிவ் முனைக்குச் சிவப்பு மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். அந்த மூடி காணாமல்போன கார்கள் நம் ஊரில் ஏராளம்.

புதுப் பாய் எந்தப் பொருளில் வாங்குவது?

கம்பெனி பாய் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, கண்ணாடி இழைப் பஞ்சை ஃபீனாலிக் பிசினால் இறுக்கி, மேலே கறுப்புத் துணி போர்த்தி அச்சில் அழுத்தியது. இரண்டு, பாலியெஸ்டர் அல்லது பழந்துணி நாரை அழுத்திச் செய்த ஃபெல்ட். மூன்று, பாலியூரித்தேன் ஃபோம், சிலவற்றில் வெள்ளித் தாளோடு. கண்ணாடி இழை வகை 200 டிகிரிவரை சாதாரணமாகத் தாங்கும். பாலியெஸ்டர் உருகுவதே 250 டிகிரிக்கு மேல்தான். உங்கள் மாடலுக்கான கம்பெனி பாய் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். ஓட்டைகள் அதற்கான இடத்தில் இருக்கும், எஞ்சினின் மேடு பள்ளத்துக்கு ஏற்ற வளைவும் இருக்கும்.

கிடைக்காதபோதுதான் சிக்கல் வருகிறது, நான் மாட்டியதும் அங்கேதான். ஹார்டுவேர் கடையில், தகரக் கூரைக்கு அடியில் ஒட்டுகிற வெள்ளித் தாள் போட்ட ஃபோம் ஷீட் கிடைத்தது. பார்க்க அருமையாக இருந்தது, விலையும் குறைவு. சோஃபா வேலைக்குப் பயன்படும் சாதாரணப் பசையால் ஒட்டினேன். இரண்டு மாதம் பிரச்சினை இல்லை. சித்திரை வெயிலில் சென்னையிலிருந்து பெங்களூர் போகும்போது, வாணியம்பாடி தாண்டியதும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். நிறுத்திப் பார்த்தால் ஒரு மூலை கழன்று டர்போவின் தகட்டு மூடி மேல் படிந்து உருகி ஒட்டியிருந்தது. வண்டியில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். இன்னும் அரை மணி நேரம் அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த ஷீட் பாலிஎத்திலீன் ஃபோம். கூரைக்கு அது சரியான பொருள், ஆனால் 80 முதல் 100 டிகிரிக்குள் இளகத் தொடங்கிவிடும். எஞ்சினை அணைத்த பிறகு ஃபேனும் நின்று, கூலண்ட் ஓட்டமும் நின்று, பத்து இருபது நிமிடத்துக்கு பானட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். அந்த நேரத்தில்தான் பசையும் ஃபோமும் தோற்றுப்போகின்றன. குமிழி போட்ட வெள்ளித் தாளும் பாலிஎத்திலீன்தான். தெர்மாகோல் இதைவிட மோசம். இவற்றைப் பானட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது.

கம்பெனி பாய் இல்லாதவர்கள், எஞ்சின் அறைக்கென்றே விற்கும் தீத்தடுப்பு ஃபோம் அல்லது கண்ணாடி இழை ஷீட்டைக் கேளுங்கள். டப்பாவில் 'யு.எல். 94 வி-0' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நெருப்பை எடுத்தபின் ஒவ்வொரு மாதிரித் துண்டும் 10 வினாடிக்குள் அணைந்துவிட வேண்டும், எரியும் சொட்டு விழக் கூடாது என்பது அதன் பொருள். சிலர் 'எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302' சான்றைக் காட்டுவார்கள். அது கேபினுக்குள் இருக்கும் சீட், விரிப்பு போன்றவற்றுக்கான அமெரிக்கச் சோதனை. தீ நிமிடத்துக்கு 102 மி.மீ.க்கு மேல் பரவக் கூடாது என்பதுதான் விதி. மெதுவாக எரிந்தால்கூட அதில் தேறிவிடலாம். எஞ்சின் அறைக்கு எனக்கு அது போதாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னத் துண்டை வெட்டி, மொட்டை மாடியில் மணல் வாளிக்கு மேல் இடுக்கியால் பிடித்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். சுடரை எடுத்த பிறகும் எரிந்துகொண்டிருந்தால், சொட்டினால், அந்த ஷீட் வேண்டாம். புகையை முகர வேண்டாம், காற்று வரும் பக்கம் நின்றுகொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கும்?

அங்கீகரித்த சர்வீஸ் சென்டரின் ஸ்பேர் பிரிவில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் பார்ட் நம்பரை எடுத்துத் தருவார்கள். 'ஹூட் இன்சுலேட்டர்' என்று கேளுங்கள். கிளிப்பையும் சேர்த்து ஆர்டர் செய்யுங்கள், பாயோடு அது வராது. உற்பத்தி நின்ற மாடல் என்றால் சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு கடைகளில் விசாரிக்கலாம். பழைய பாய் வாங்கும்போது எண்ணெய் நாற்றம் வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள், மடித்துப் பாருங்கள். மடிப்பில் தூள் கொட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நானே மாற்ற முடியுமா? எப்படி?

கிளிப் வகை என்றால் முடியும். ஒரு மணி நேர வேலை. கூட ஒருவர் இருந்தால் நல்லது.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், காலையில் வண்டி எடுக்குமுன் செய்வது வசதி. பானட்டைத் தாங்கும் கம்பியை மட்டும் நம்பாமல் ஒரு கட்டையும் முட்டுக் கொடுங்கள், ஏனென்றால் கிளிப்பை இழுக்கும்போது பானட் ஆடும். எஞ்சின் மேல் பழைய போர்வையை விரியுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, என்95 மாஸ்க். கண்ணாடி இழை தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள்.

கிளிப்பின் தலைக்கு அடியில் பிளாஸ்டிக் நெம்பியைக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். டெஸ்டரால் நெம்பினால் பெயிண்ட் கீறி அந்த இடத்தில் துரு பிடிக்கும். சில கிளிப்பில் நடுவே ஒரு ஊசி இருக்கும், முதலில் அதை மேலே இழுக்க வேண்டும். பத்து வருடச் சூட்டில் வெந்த கிளிப்பில் பாதி உடையத்தான் செய்யும், அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஒரு முழுக் கிளிப்பையாவது கடைக்கு எடுத்துப்போனால் ஓட்டை அளவுக்குச் சரியானதைத் தருவார்கள். 7, 8 மி.மீ. ஓட்டைகள்தான் அதிகம். தலை அகலமும் முக்கியம், சின்னத் தலை போட்டால் பாய் கிழிந்துகொண்டு இறங்கிவிடும்.

பாயை இறக்கியதும் வைப்பர் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். பல கார்களில் அது பாய்க்குப் பின்னால் ஓடும். இழுத்த வேகத்தில் பிய்ந்திருக்கலாம். பானட்டின் உட்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, ஓரமடிப்புகளில் துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடியுங்கள். அங்கே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே புகுந்த தண்ணீர் வடிவதற்காக வைத்தவை. அவற்றைப் பாயாலோ டேப்பாலோ அடைத்தால் இரண்டு மழைக்காலத்தில் ஓரம் துருப்பிடித்துவிடும்.

புதுப் பாயை நடுவில் ஒரு கிளிப், அப்புறம் மூலைகள், பிறகு மற்றவை என்று மாட்டுங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் மறு ஓரத்தில் ஓட்டை பொருந்தாது. ஷீட்டை வெட்டிப் போடுபவர்கள் பழைய பாயை மாதிரியாக வைத்துப் பழைய காலண்டர் அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். பானட் பூட்டு, கொக்கி, ரப்பர் முட்டு இவற்றைச் சுற்றி நன்றாக இடம் விட்டு வெட்டுங்கள். கடைசியாகப் போர்வையை எடுக்க மறக்க வேண்டாம்.

எவ்வளவு தடிமன் போடலாம்? பானட் மூடும்போது இடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சப்பாத்தி மாவுதான் வழி. எலுமிச்சம்பழ அளவு உருண்டைகள் உருட்டி, பாலித்தீன் கவரில் சுற்றி, ஆறிய எஞ்சினின் உயரமான இடங்களில் வையுங்கள்: எஞ்சின் கவர், ஆயில் மூடி, பேட்டரியின் மேல், ஷாக் அப்சார்பர் தலை. பானட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய உருண்டையின் உயரத்தை ஸ்கேலால் அளக்கவும். மிகக் குறைந்த உயரத்திலிருந்து பாயின் தடிமனைக் கழித்தால் குறைந்தது 15 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போது எஞ்சின் தன் மவுண்டிங்கில் சாய்ந்து எழும். அந்த இடம் அதற்கு வேண்டும்.

என் காரில் கிளிப் இல்லை, ஃபோம் நேராகத் தகட்டில் ஒட்டியிருக்கிறது. தொட்டால் உதிர்கிறது.

இதற்கு ஊரறிந்த உதாரணம் பழைய மெர்சிடிஸ் கார்கள். 1976-ல் வந்த டபிள்யூ123, அதற்கு அடுத்து வந்த டபிள்யூ124 இரண்டிலும் பானட் ஃபோம் தூளாவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். டபிள்யூ124-ஐத்தான் மெர்சிடிஸ் 1995-ல் புனேயில் தன் முதல் இந்தியக் காராக விட்டது, ஆகவே நம் ஊரிலும் இந்தப் பிரச்சினை உண்டு. பாலியூரித்தேன் ஃபோம் சூட்டிலும் காற்றின் ஈரத்திலும் வருடக்கணக்கில் சிதைந்து, கடைசியில் ஊறிய ரஸ்க் மாதிரி ஆகிவிடுகிறது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று அதற்கு இன்னும் எதிரி.

உதிரும் தூளை அலட்சியப்படுத்த வேண்டாம். ஏர் ஃபில்டரை அடைக்கும், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தண்ணீர் வடிகாலை அடைக்கும், ஏசிக் காற்றோடு கேபினுக்குள்ளும் வரும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் வாயைத் துணியால் அடைத்து, எஞ்சினை மூடி, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தகடு கொண்டு சுரண்டுங்கள். மிச்சமிருக்கும் பசையை டர்பென்டைன் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைக்கலாம், திறந்த வெளியில். தின்னர் பெயிண்டையும் சேர்த்து எடுத்துவிடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பட்டறைகளில் சிலர் சாதாரணமாகப் பெட்ரோலை எடுப்பார்கள், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

பசையைப் பொறுத்தவரை டின்னில் எத்தனை டிகிரி தாங்கும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். சாதாரண ரப்பர் பசை 70 டிகிரிப் பக்கத்திலேயே இளகும். 100-க்கு மேல் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பின்புதான் சேர்க்க வேண்டும். ஒட்டி ஒரு நாள் வண்டியை எடுக்காதீர்கள்.

ரொம்பப் பழைய வண்டி, பாய் சாம்பல் நிறத்தில் அட்டை மாதிரி இருக்கிறது என்றால் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்தில் சில வண்டிகளின் பானட் பாய்களில் அஸ்பெஸ்டாஸ் சேர்த்தார்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுதாக எடுத்து இரட்டைப் பையில் கட்ட வேண்டும்.

எலி கடித்துவிட்டது. என்ன செய்வது?

மழைக்காலத்தில் இந்தக் கேள்விதான் அதிகம். எலிக்குச் சூடும், ஈரமில்லாத இடமும், மெத்தைக்குப் பஞ்சும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. பாயில் ஓட்டை தெரிந்தால் பஞ்சு எங்கே போயிருக்கிறது என்று தேடுங்கள். எஞ்சின் கவருக்கு அடியில், பேட்டரிப் பெட்டியின் பின்னால், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்கூடக் கூடு இருக்கும். அந்தப் பஞ்சும் சருகும் சைலன்சர் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் குழாய்) பக்கம் கிடந்தால் தீக்கு அதுவே போதும்.

புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஊதாதீர்கள். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காய்ந்த தூசு மூச்சிலும் போகும். கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பாய்மேல் தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு, பழைய துணியால் வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். மின் இணைப்புகள் மேல் தெளிக்க வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் இந்த வேலையை வேறு ஒருவரிடம் விடுங்கள்.

அப்புறம் ஒயர்களைப் பாருங்கள். இன்ஜெக்டர் ஒயர், சென்சார் ஒயர் எல்லாவற்றையும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக. செம்பு தெரியும் ஒயரோடு வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

மறுபடி வராமல் இருக்க? புகையிலையைத் துணியில் முடிந்து கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். வாசனை இருக்கும் சில நாள் பலன் தெரிகிறது, பிறகு இல்லை. முடிச்சு அவிழ்ந்து பெல்ட்டில் விழுந்தால் வேறு வினை. எலிமருந்து வைத்தால் எலி கைக்கு எட்டாத இடத்தில் செத்து, ஒரு மாதம் நாறும். எனக்குப் பலன் தந்தவை இரண்டு: எஞ்சினுக்கு அடியில் எலி ஏறும் பெரிய இடைவெளிகளில் துருப்பிடிக்காத கம்பி வலை, மூடிய ஷெட்டில் நிறுத்தும் இரவுகளில் பானட்டைத் திறந்து வைப்பது. இருட்டும் கதகதப்பும் போனால் அதற்கு அங்கே வேலை இல்லை. பெருச்சாளி இருக்கும் தெருவில் சாக்கடை ஓரம் நிறுத்தாமலிருப்பதும் உதவும்.

வெள்ளத்தில் நனைந்த பாய் காய்ந்தால் சரியாகிவிடுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ கார்கள் பானட் மட்டம்வரை மூழ்கின. அந்த மாதிரி நனைந்த பாய் என்றால் தூக்கிப் போடுங்கள். சேறும் சாக்கடைத் தண்ணீரும் பஞ்சுக்குள் தங்கும். கனத்தில் கிளிப் ஓட்டைகளும் கிழிந்திருக்கும்.

டாம்பிங் ஷீட் ஒட்டலாமா?

அது வேறு வேலை செய்கிறது. பியூட்டைல் ரப்பர் ஷீட் தகட்டின் அதிர்வைக் குறைக்கும், பஞ்சு காற்றில் வரும் சத்தத்தை உறிஞ்சும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை. ஒட்டுவதானால் பியூட்டைல் மட்டும், அதுவும் பானட்டின் சட்டங்களுக்கு நடுவே சில துண்டுகள் போதும். தார் கலந்த மலிவு ஷீட் வெயிலில் இளகி எஞ்சின் மேல் சொட்டும். முழுக்க ஒட்டினால் பானட் கனத்து, பானட்டைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் உள்ள வண்டிகளில் தானாக நிற்காமல் இறங்க ஆரம்பிக்கும்.

பானட்டில் காற்றுத் துளை உள்ள வண்டிக்கு?

பழைய ஸ்கார்பியோ எம்ஹாக், முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் இவற்றில் பானட் மேலுள்ள வாய் வழியாக, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்று போகிறது. அந்த வழியையும் அதைச் சுற்றியுள்ள ரப்பரையும் பாய் மறைக்கக் கூடாது.

கால் வைக்கும் இடத்தில் சூடு அடிக்கிறது. பானட் பாய் மாற்றினால் குறையுமா?

குறையாது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் தனியாக ஒரு இன்சுலேஷன் இருக்கிறது. அது நகர்ந்திருக்கலாம். ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போயிருக்கலாம், ஹீட்டர் வால்வு முழுதாக மூடாமலும் இருக்கலாம். அங்கே தேடுங்கள்.

எஞ்சினுக்குள் 'கிண கிண' என்று தகரச் சத்தம். இன்சுலேஷன்தான் கழன்றுவிட்டதா?

பெரும்பாலும் சைலன்சர் மேனிஃபோல்டைப் போர்த்தியிருக்கும் தகட்டு மூடி. போல்ட்டைச் சுற்றி துருப்பிடித்து ஓட்டை பெரிதாகியிருக்கும். மெக்கானிக் 'தேவையில்லை சார், எடுத்துவிடலாம்' என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். பானட் பாய் இல்லாமல் ஓடலாம், இந்தத் தகடு இல்லாமல் ஓடக் கூடாது. மேனிஃபோல்டு பல நூறு டிகிரி சூடாகும், பக்கத்தில் ஓடும் ஒயரும் ரப்பர் குழாயும் இந்தத் தகட்டை நம்பித்தான் இருக்கின்றன. போல்ட் ஓட்டைக்குப் பெரிய துருப்பிடிக்காத வாஷர் போட்டு இறுக்கினாலே பல நேரம் சத்தம் நின்றுவிடும். தகடே கிழிந்திருந்தால் புதிது வாங்குங்கள்.

மின்சாரக் காரில்?

அங்கேயும் சிலவற்றில் சத்தத்துக்காகப் பாய் இருக்கிறது, மாற்றும் விதமும் அதேதான். ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடக் கூடாது, அது உயர் மின்னழுத்தம்.

மாற்றியாகிவிட்டது. பிறகு என்ன பார்க்க வேண்டும்?

முதல் நாள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து பானட்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதுப் பொருளின் லேசான வாசனை இரண்டு மூன்று நாள் வரலாம். கருகும் நாற்றம் என்றால் அன்றைக்கே கழற்றுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாயின்மேல் எங்காவது பளபளப்பாகத் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் எஞ்சின் உரசுகிறது, அங்கே மட்டும் வெட்டி எடுத்து ஓரத்தை அலுமினிய டேப்பால் மூடுங்கள். அதற்குப் பிறகு ஆயில் அளவு பார்க்கத் திறக்கும் போதெல்லாம் ஒவ்வொரு கிளிப்பையும் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு மூடுங்கள்.